ஓரங்குலச் சிப்பாய்கள்

எங்கள் வீட்டில் முதுகில் காயம் பட்டவன் கிடையாது. என் மகன் நாகராசு பட்டாளத்தில் இருந்த ஆறு வருஷமும், அவனுக்கு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் இந்த வரியோடுதான் முடித்தேன். கையெழுத்துக்கு முன்னால், தனி வரியாக எழுதுவேன். என் தகப்பனார் எனக்குச் சொன்னது அது. அவருக்கு அவருடைய தகப்பனார் சொன்னது.

நான் புதுக்கோட்டை அரண்மனைக் காவல்படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். நான் ஜமேதாராக இருந்தபோது, நாற்பத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதத்தில், சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தார்கள். படையைக் கலைத்தார்கள். உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கீரனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து விவசாயம் பார்த்தேன். அதற்குப் பிறகும் என்னை யாரும் நல்லதம்பி என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ஜமேதார் என்பார்கள். எங்கள் வீடு ஜமேதார் வீடு. நான் தெருவில் போனால் பீடியை மறைப்பார்கள். அது நான் கேட்டு வாங்கிய மரியாதை அல்ல. ஆனால் ஓர் இம்மி குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் எந்த மனிதன் மேலும் சுட்டதில்லை. தசரா ஊர்வலத்தில் அணிவகுத்தேன். துரைமார் வந்தால் சலாம் வைத்தேன். சட்டைப் பொத்தானைப் பார்த்தால் முகம் தெரிய வேண்டும், பூட்ஸைப் பார்த்தால் பல் தெரிய வேண்டும் என்று எனக்குக் கீழே இருந்தவர்களைப் பழக்கினேன். சண்டைக்குப் போனவன் என் மகன்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் சீனாக்காரன் இறங்கியபோது நாகராசு வடகிழக்கு எல்லையில் ஒரு மலைச்சரிவில் நாயக்காக இருந்தான். அவனுக்குக் கீழே ஒன்பது பேர். ஒன்பது பேரும் அந்த மலையிலேயே போய்விட்டார்கள். அவன் மட்டும் தொடையில் குண்டு பட்டு மயங்கிக் கிடந்து, சீனாக்காரனிடம் கைதியானான். மறுவருஷம் கைதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு ஐப்பசி மாதம் ஊருக்கு வந்தான். வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. பனி தின்றுவிட்டது. பின்வாங்காமல் நின்ற பத்துப் பேர் என்ற பேச்சு அவனுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. பஞ்சாயத்தில் மாலை போட்டார்கள். அவன் அதைக் கழற்றித் தரையில் வைத்தான். களைப்பு என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

கார்த்திகை மாதம் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்து பொம்மை செய்ய ஆரம்பித்தான்.

மீமிசல் பக்கத்து மீன்காரர்கள் வலையில் கட்டும் காரீயக் குண்டுகளை யார் மூலமோ வரவழைத்தான். குயவரிடம் சொல்லி இரண்டு பாதியாகச் சுட்ட மண் அச்சுகள் வாங்கினான். இரும்புக் கரண்டியில் காரீயத்தை உருக்கி ஊற்றுவான். ஆறியதும் அச்சைப் பிரித்தால் ஒரு சிப்பாய் விழுவான். உயரம் ஓர் அங்குலம். விளிம்பைக் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்து, முதலில் வெள்ளை பூசிக் காயவைப்பான். அணில் வால் மயிர் ஏழெட்டைப் புறா இறகின் தண்டில் நூலால் கட்டியதுதான் தூரிகை. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுப்பான். மூச்சை விடுவான். மறுபடி பிடிப்பான்.

பட்டாளத்துப் பச்சை எப்படி வருகிறது என்று நான் அங்கேதான் பார்த்தேன். நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்தால் வயல் பச்சைதான் வருமாம். மஞ்சள் பெயின்டில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினான். கலங்கிக் கலங்கி, கடைசியில் அந்த மங்கல் பச்சை வந்து நின்றது. சீனாக்காரர்களுக்குக் கடுகு நிறத்தில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு. நம் ஆட்களுக்குப் பருத்திச் சட்டையும் மேலே ஒரு ஸ்வெட்டரும்தான். அதையும் அப்படியே வரைந்தான்.

டீக்கடையில் ஒருவன் நான் காதில் வாங்கும்படியே பேசினான். "ஜமேதார் வீட்டுல அடுத்த புரட்டாசி வரைக்கும் பொறுக்கலையாம்ல. இப்பவே கொலு வச்சுட்டாக."

"சுண்டல் உண்டான்னு கேட்டியா?" என்றான் இன்னொருவன்.

அன்றோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து என் மனைவி அமராவதியிடம் சத்தம் போட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அவன் கை ஒரு வேலையில இருக்குல்ல. இருந்துட்டுப் போகட்டும். பேசாம இருங்க" என்றாள். பேசாமல் இருந்தேன்.

கீரனூர்ப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ரெங்கசாமி ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து போக ஆரம்பித்தார். நிறம் பற்றிப் பேச வருகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கொட்டகைக்குள்ளிருந்து தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்டது. ஆண்பிள்ளைகள் பட்டப்பகலில் தாயம் ஆடுகிறார்களே என்று கோபத்தோடு உள்ளே போனேன்.

"வாங்கண்ணே, வாங்க" என்று எழுந்தார் ரெங்கசாமி. "நான் இப்பச் சீனாக்காரன். ஒங்க பிள்ளை என்னயப் போட்டு வாட்டுறாரு."

பழைய கதவு ஒன்றைச் செங்கல் மேல் கிடத்தி, சுற்றிலும் விளிம்பு கட்டி, ஆற்று மணலைக் கொட்டியிருந்தார்கள். ஈரமணலைக் குவித்து மலை செய்திருந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே பதுங்குகுழி. அதில் நம்மவர்கள் பத்துப் பேர். எதிர்ச்சரிவில் கடுகுக் கோட்டுக்காரர்கள் நாற்பது பேர். அடிவாரத்தில் நீலம் தோய்த்த ஒரு கயிறு நெளிந்து கிடந்தது. அது ஓடை. பட்டாளத்தில் அதிகாரிகள் இப்படி மணலில் பொம்மைகளை வைத்துச் சண்டையை முன்கூட்டியே நடத்திப் பார்ப்பார்களாம். தாயக்கட்டை மட்டும் நாகராசு சேர்த்துக்கொண்டது. விழுந்த எண்ணிக்கை எவ்வளவோ, அத்தனை விரற்கடை ஒரு சிப்பாய் நகரலாம். சுட வேண்டுமென்றால் தாயம் விழ வேண்டும். விழுந்தால் எதிராளி வெட்டு. குழிக்குள் இருப்பவனை வெட்ட இரண்டு தாயம் தொடர்ந்து விழ வேண்டும். வெட்டுப்பட்டவனை மணலில் படுக்க வைத்துவிடுவார்கள். ஓடைக்கு வந்து சேர்ந்தவன் பழம். அவனை இனி யாரும் தொட முடியாது.

நான் குனிந்து அந்தப் பத்துப் பேரைப் பார்த்தேன். ஒவ்வொருவனும் ஒரு மாதிரி இருந்தான். ஒருவனுக்குக் கழுத்தில் சிவப்புக் கம்பளி. ஒருவனுக்கு இடது மீசை கொஞ்சம் குட்டை. ஒருவனுடைய ஸ்வெட்டர் முழங்கையில் காப்பி நிறத்தில் ஒரு புள்ளி.

"யாருடா இவுக?" என்றேன்.

"எங்க ஆளுகதாங்கய்யா" என்றான் நாகராசு.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் மனதுக்குள் அந்தப் பொம்மைகள் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஆடி மாதம் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரே வீடு தேடி வந்து கேட்டபோது அது பெருமையாகவே ஆயிற்று. ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைக்கிறார்களாம். நாகராசின் மணல்மலையை நடு ஹாலில் வைக்க வேண்டுமாம். மேலே ஒரு போர்டு: பின்வாங்காத பத்துப் பேர். நாகராசு தலையைக் குனிந்து தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சம்மதம் சொன்னேன்.

நானே புதுக்கோட்டைக்குப் போய்த் தங்க நிறப் பெயின்ட் ஒரு சின்ன டப்பி வாங்கி வந்தேன். அவன் பொம்மைகள் எல்லாம் மங்கலாக இருந்தன. பெயின்ட் காய்ந்ததும் சலித்த சாம்பலைத் துணியில் முடிந்து ஒற்றி ஒற்றி, பளபளப்பை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தான்.

"பொத்தான் மின்ன வேணாமா? பார்க்க வர்றவுக என்ன நெனைப்பாக?"

"மின்னுனா சுட்டுருவான்ங்கய்யா" என்றான்.

அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவனுடைய பொம்மையைத் தேடி எடுத்து, மார்பில் ஒரு பொன் புள்ளி வைத்தேன். மெடலாக இருக்கட்டும் என்று. அது பாதி மார்புக்குப் பரவிவிட்டது. மறுநாள் பார்த்தால் அதை ஊசியால் சுரண்டி எடுத்து, பச்சை பூசிச் சாம்பல் ஒற்றியிருந்தான்.

பொருட்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கும். மணல்மேசையை வண்டியில் ஏற்ற முடியுமா என்று அளந்து பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். நாகராசு காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். மேசையில் முந்தைய ஆட்டம் அப்படியே இருந்தது. பத்துப் பேரும் குழிக்குள் இல்லை. சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகம் ஓடையைப் பார்த்திருந்தது. முதுகு சீனாக்காரனைப் பார்த்திருந்தது. நாகராசும் அப்படித்தான், எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளாக.

சுவரில் கரியால் இரண்டு பத்தி எழுதியிருந்தது. ஒன்றின் தலைப்பில் 'நி' என்றிருந்தது. அதன் கீழே ஒன்று, பூஜ்யம், ஒன்று, இரண்டு, பூஜ்யம் என்று எண்கள். இன்னொன்றில் 'தி'. அதன் கீழே ஆறு, ஏழு, ஐந்து, எட்டு, ஏழு. இரண்டு பத்தியும் தரை வரைக்கும் போயின. நின்றால், திரும்பினால் மிஞ்சுகிறவர்கள். எனக்குப் படிக்கத் தெரியும். நிழல் விழுந்தது. திரும்பினேன். வாசலில் நாகராசு தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா முதுகைக் காட்டி வச்சிருக்கே?"

"உத்தரவு அப்படிங்கய்யா."

"என்ன உத்தரவு?"

அவன் உள்ளே வந்து உரல் மேல் உட்கார்ந்தான். ஊருக்கு வந்து பத்து மாதத்தில் அவன் என்னிடம் பேசியது அன்று ஒரு நாள்தான் என்று சொல்லலாம்.

"கீழ இருந்து டெலிபோன்ல பேசுனாரு எங்க அதிகாரி. இந்தியிலதான். லைன் கரகரன்னு இருந்துச்சு. 'பீச்சே'ன்னு கேட்டுச்சு. பின்னாடின்னு அர்த்தம். அப்புறம் 'ஹட்'டுன்னு கேட்டுச்சு. அது நகர்றது. நடுவுல ஏதோ இரைச்சல். அதுல 'மத்'துன்னு ஒரு சொல்லு இருந்துச்சுன்னா, பின்னாடி நகராதேன்னு அர்த்தம். இல்லைன்னா, பின்னாடி வந்துருன்னு அர்த்தம். ஒத்தச் சொல்லுங்கய்யா. திரும்பக் கேக்குறதுக்குள்ள லைன் அறுந்து போச்சு. பசங்க ஒம்போது பேரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க."

"சரி."

"சட்டைப் பையில ஒங்க கடுதாசி இருந்துச்சு. அன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு."

அளக்கக் கொண்டுவந்த கயிற்றை நான் கையில் சுற்றினேன்.

"நிக்கச் சொல்றாருன்னு பசங்ககிட்ட சொன்னேன். கைதியாக் கெடந்தப்ப அந்த அதிகாரிகூட இருந்த டெலிபோன்காரன் பக்கத்துக் கொட்டடியில இருந்தான். அவன் சொன்னான். வரச் சொல்லித்தான் உத்தரவு. 'மத்' அதுல இல்ல."

"அப்ப என்னயச் சொல்றியா? நான் எழுதுன கடுதாசியா அவுகளக் கொன்னுச்சு?"

"இல்லங்கய்யா. கேட்டது என் காது. காதுல விழாத சொல்லை ஒங்க கடுதாசியில இருந்து எடுத்துப் போட்டுக்கிட்டது நான். இதை அவுக வீட்டாளுககிட்ட சொல்லணும். பொருட்காட்சியில மேசையை இப்படித்தான் வைக்கப் போறேன்."

"செத்தவுக ஒன்பது பேரும் வீரனாச் செத்தாங்கன்னு அவுக வீட்டுல ஒரு பேரு இருக்கு. அதையும் போயிப் பிடுங்கப் போறியா?"

"அவுக பேரு அவுகளுக்கு இருக்கும். எனக்குப் போட்ட மாலைதான் போகும்."

"ஒனக்குப் போட்டதுன்னு யாருடா சொன்னா? இந்த வீட்டுக்குப் போட்டது அது. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தப் பேச்சு இந்தக் கொட்டகையைத் தாண்டக் கூடாது. அவுகளத் திருப்பி வை."

அவன் எழுந்து, ஒவ்வொருவராக எடுத்துக் குழிக்குள் வைத்து, முகத்தைச் சீனாக்காரன் பக்கம் திருப்பினான். கடைசியில் அவனையும் வைத்தான்.

"சரிங்கய்யா" என்றான்.

ஆகஸ்டு பதினைந்து சனிக்கிழமை. பள்ளிக்கூடத்து ஹாலில் நல்ல கூட்டம். நான் பெட்டியைத் திறந்து பழைய உடுப்பை எடுத்து, மெடல்களைத் துடைத்து அணிந்துகொண்டு போயிருந்தேன். நாகராசு வேட்டி சட்டையில் மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ரெங்கசாமி பிள்ளைகளை வரிசையில் விட்டார். யாரும் மணலைத் தொடவில்லை. தலைமை ஆசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. குன்றாண்டார்கோவிலுக்கு அங்கிட்டு ஒரு மைலில் அவள் ஊர். பெயர் செங்கமலம். ஒன்பது பேரில் எங்கள் சீமையைச் சேர்ந்தவன் ஒருவன்தான், சோலையப்பன். அவனைப் பெற்றவள்.

"இதுல எம்மவன் யாரு தம்பி?" என்று நாகராசிடம் கேட்டாள்.

அவன் எழுந்து, இரண்டு விரலால் ஒரு சிப்பாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இது என்ன, முழங்கையில வேற கலரு?"

"ஸ்வெட்டரு கிழிஞ்சு போச்சு ஆத்தா. பச்ச நூல் கெடைக்கல. காப்பிக் கலருல தச்சுக்கிட்டான்."

"அவனுக்குத் தைக்கத் தெரியுமா? வீட்டுல ஊசியத் தொட்டதில்லையே."

"எங்க எல்லாருக்கும் அவன்தான் தச்சுக் குடுப்பான்."

அவள் அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்: "அத்தன பேரு எதுத்தாப்புல வர்றப்ப, வந்துருங்கடான்னு மேல உள்ளவுக யாரும் சொல்லலையா தம்பி?"

நாகராசு வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"உத்தரவு வரலம்மா" என்றேன். "வந்திருந்தா வந்திருப்பாக. வராததனால நின்னாக. ஒன் மகன் நெஞ்சுல வாங்கிக்கிட்டான். பெருமைப்படு."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். செங்கமலம் என்னையும் பார்த்தாள், நாகராசையும் பார்த்தாள். பொம்மையை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாகராசு சோலையப்பனைக் குழிக்குள் வைத்தான். அதன் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் வயலிலிருந்து வந்தபோது அமராவதி வாசலிலேயே நின்றாள்.

"அவன் குன்றாண்டார்கோவில் பஸ்ஸுக்குப் போயிட்டான். அந்தப் பொம்மைக ஒன்பதையும் தீப்பெட்டியில பஞ்சு வச்சு எடுத்துக்கிட்டான். மாத்துத் துணியும் எடுத்துக்கிட்டான்."

"நீ எதுக்கு விட்ட?"

"நான் யாரு விடுறதுக்கும் பிடிக்கிறதுக்கும்?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. "நேத்து வந்ததுல இருந்து சோறு திங்கல. ஒங்க பேச்சத் தட்டக் கூடாதுன்னு இருந்தான். இனிமே முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

அடுத்த பஸ்ஸில் நான் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். 'கைதியாக இருந்து அடிபட்டதிலிருந்து அவனுக்குப் புத்தி நிதானமில்லை.' இதைச் சொல்லிவிட்டால் அவன் என்ன சொல்லியிருந்தாலும் அது எடுபடாது. ஜமேதார் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மகன் பைத்தியம் என்ற பெயர் வீட்டுக்குக் குறைதான். ஆனால் ஒன்பது பேரைக் கொன்றவன் என்பதை விட அது சிறிய குறை. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

செங்கமலத்தின் வீடு ஊர்க்கடைசியில் இருந்தது. கடலை பிடுங்கும் காலம். முற்றத்தில் கடலைச்செடி குவிந்து கிடந்தது. அவள் கால் நீட்டி உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் நாகராசு உட்கார்ந்திருந்தான். முறத்தின் ஓரத்தில் சோலையப்பன் கிடந்தான். கடலையும் அவனும் ஒரே அளவு.

நான் முற்றத்தில் கால் வைத்ததும் அவள் காலை மடக்கிக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

"வாங்க ஜமேதாரய்யா. நேத்து உத்தரவு வரலன்னு சொன்னீங்க. ஒங்க மகன், வந்துச்சு, நான்தான் மாத்திக் கேட்டுட்டேன்னு சொல்றாரு. ரெண்டுல ஒண்ணு பொய்யி. எது?"

என் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நாகராசு தலையைத் தூக்கினான். கடிதத்தைப் பற்றி அவன் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவன் சொல்லியிருந்தால் அவள் என்னை இப்படி வாங்க என்றிருக்க மாட்டாள். முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், காதைக் கொஞ்சம் சாய்த்து. நான் என்ன சொன்னாலும் அதற்குக் கட்டுப்படுகிறவனைப் போல.

"உத்தரவு வந்துச்சு" என்றேன். என் குரல் அணிவகுப்பில் கேட்பது போல உரக்க வந்தது. "வரச் சொல்லித்தான் வந்துச்சு. நேத்து நான் சொன்னது பொய்யி."

அவள் கை நின்றது.

"இன்னொண்ணும் இருக்கு. முதுகக் காட்டாதேன்னு நான் எழுதுன கடுதாசி அன்னைக்கு அவன் பையில இருந்துச்சு. இவன் மாத்திக் கேட்டது அதனாலதான்."

"அய்யா, வேணாம்" என்றான் நாகராசு.

செங்கமலம் என்னை விட்டு அவனைப் பார்த்துக் கேட்டாள். "மணல்ல வச்சு ஆடிப் பாத்தேன்னியே தம்பி. சொன்னபடி திரும்பியிருந்தா எத்தன பேரு பொழைச்சிருப்பீக?"

"ஆறு பேரு. ஏழு பேரு. சில தடவ எட்டு."

"அதுல எம்மவன் இருந்தானா?"

"சில தடவ இருந்தான் ஆத்தா. சில தடவ வெட்டுப்பட்டுட்டான்."

"எது சாஸ்தி?"

அவன் தடுமாறினான். அவளிடம் இதில் பொய் சொல்லலாம் என்று அவனுக்கும் தோன்றியிருக்கும். "இருந்ததுதான் சாஸ்தி" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். முறத்திலிருந்த பொம்மையை எடுத்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். அடுத்த செடியை இழுத்து ஆயத் தொடங்கினாள். நாகராசும் எழுந்துவிட, நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு மூன்று செடி ஆய்ந்த பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே, "போங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எதிரியை அனுப்பும்போதுகூட, போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். வாங்க என்பதை விட்டுவிட்டு வெறும் போங்க என்று என்னிடம் அதுவரை எவரும் சொன்னதில்லை. சொன்னது அவள் உரிமை. நான் தலை குனிந்து வெளியே வந்தேன்.

பஸ் நிற்கும் இடம் வரை ஒரு மைல். நாகராசு தடியை ஊன்றி முன்னால் நடந்தான். நான் பின்னால் நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. குன்றின் பாறை தெரிகிற இடத்துக்கு வந்ததும் கேட்டேன்.

"அடுத்தது எந்த ஊரு?"

"மானாமதுரைப் பக்கம்ங்கய்யா. செவப்புக் கம்பளி போட்டிருப்பானே, அவன் வீடு. புதுக்கோட்டை போயி மாறணும். அதையும் சேத்துத் தெற்க ரெண்டு வீடு. அப்புறம் ஆந்திராப் பக்கம் மூணு பேரு. மலையாளத்துல மூணு பேரு."

"நானும் வாரேன்."

அவன் நின்றான். பொருட்காட்சிக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தான். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நீங்க வர வேணாம்ங்கய்யா. அந்தாத்தா என்னைய வையத்தான் வாயெடுத்துச்சு. மண்ண வாரித் தூத்தக் கையத் தூக்குச்சு. நீங்க தூரத்துல வர்றதப் பாத்துட்டு அடக்கிக்கிட்டுக் கடலைய ஆய ஆரம்பிச்சிருச்சு. ஒங்க நரைச்ச தலையப் பாத்தா எல்லாரும் மரியாதைக்குப் பேசாம இருந்துருவாக. அவுக பேசணும். அதுக்குத்தான் நான் போறேன்."

புதுக்கோட்டை பஸ் வந்தது. காலை ஏந்தி ஏந்தி ஏறினான். கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவரு வரலையா?" என்று கேட்டார். இல்லை என்று கையசைத்தேன். ஜன்னல் ஓரத்தில் அவன் மடியில் துணிப்பை தெரிந்தது. எட்டுத் தீப்பெட்டி அதில் இருந்தது.

கீரனூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, துண்டை இடுப்பில் கட்டியபடி எழுந்து வந்தார்.

"ஜமேதாரய்யா, நேத்து பள்ளிக்கூடத்துல பாத்தேங்க. மயிர் கூச்செறிஞ்சு போச்சு. ஒரு பய கூடத் திரும்பிப் பாக்கலையே. அப்படியே எதுத்தாப்புல பாத்து நிக்கிறானுங்க."

"அவுகளத் திருப்பி வச்சது நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் மேசை அமைத்ததைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அதான, ஒங்க கை பட்டா தனி அழகுதான்" என்று சிரித்தார். உட்காரச் சொல்லிப் பெஞ்சைத் துடைத்துவிட்டார். நான் உட்காரவில்லை. பஸ் வரும் வரை வெயிலில் நின்றேன்.